மூணு வாய்ப் பெட்டி

தம்பி, அந்தப் பையை மட்டும் காலால நெருக்கிராதீய. உள்ள சாமான் இருக்கு. மேல ரேக்குல வைக்கலாம்னு பாத்தா, இந்த டிரைவரு பிரேக் போடுத போடுக்கு யாரு தலையிலயாவது வந்து விழும். மடியிலயே வச்சுக்கிடுதேன். நீங்க நாகர்கோவில்தானா? நல்லதாப் போச்சு, நானும் கடைசி வரைக்கும்தான். இப்ப எந்த இடம், நாங்குநேரி வந்துட்டா? இன்னும் வரலையா. சரி.

காதுல மாட்டியிருக்கியளே, பாட்டா? அதுல எத்தனை பேரு பாடுதாவ? சும்மா கேக்கேன். எண்ண மாட்டிய, யாரும் எண்ணுறதில்ல. ஒங்க போன்ல ஆயிரம் பேரு ஒரே நேரத்துல பாடலாம். எம் மடியில இருக்க இந்தப் பெட்டிக்கு மூணு வாய்தான். இந்தச் சவத்தாலதான் எம் பொண்டாட்டி நாப்பத்தொரு நாளா மக வீட்டுல உக்காந்திருக்கா, நான் பஸ்ஸுல உக்காந்திருக்கேன்.

கோட்டிக்காரன்ட்ட மாட்டிக்கிட்டோம்னு நினைக்காதீய. முப்பத்திரெண்டு வருஷம் பாளையங்கோட்டையில கணக்கு வாத்தியாரா இருந்தவன். எட்வின்னு பேரு. பேசாம இருந்தா எனக்குக் கையும் காலும் ஓடாது, அதான். நீங்க பாட்டை நிப்பாட்ட வேண்டாம், ஒரு காதை மட்டும் இங்க குடுங்க.

எம்பத்தெட்டாம் வருஷம். மே மாசம் எங்களுக்குக் கல்யாணம். ஆகஸ்டுல எங்க பெரியப்பா மவன் சிங்கப்பூர்லருந்து வந்தவரு, எல்லாருக்கும் சேலை, சென்ட்டுன்னு குடுத்துட்டு, நீ கணக்கு வாத்தியார்லா, இது ஒனக்குன்னு இந்தப் பெட்டியைத் தந்தாரு. கம்ப்யூட்டர். பாக்க டைப்ரைட்டர் மாதிரி இருக்கும், ஆனா தாள் சொருக எடம் இருக்காது. டி.வி.க்குப் பின்னால ஆன்டெனா குத்துத ஓட்டை இருக்கும்லா, அதுல இதோட வயரைக் குத்தணும். நாம அடிக்கிறது டி.வி.யில தெரியும். அடிச்சதைக் காப்பாத்தி வைக்கணும்னா டேப்ரெக்கார்டர்ல கேசட் போட்டுப் பதிவு பண்ணணும். பதிவு பண்ணுறதுக்கு முன்னால கரண்டு போச்சுன்னா எல்லாம் போச்சு. எங்க தெருவுல கரண்டு எப்ப போகும்னு கரண்டுக்கே தெரியாது.

பசங்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டத்தான் அவரு தந்தது. நான் ஒரு வாரம் வாய்ப்பாடு போட்டேன். அப்புறம் கூட வந்த புஸ்தகத்தைப் புரட்டுனா, கடைசியில சத்தத்துக்குன்னு ஒரு பாடம். ஒரு நம்பரைக் குடுத்தா ஒரு சுரம். அடுத்த நம்பரைக் குடுத்தா அது எத்தனை நேரம் நிக்கணும். அம்பத்தி மூணு, பத்துன்னு அடிச்சா, டி.வி.யில இருந்து 'டோ'ன்னு அரை விநாடி. இந்த மாதிரி மூணு சத்தம் ஒரே நேரத்துல போடலாம். மூணே மூணு. அன்னைக்கு எனக்கு ஒறக்கமே போச்சு பாத்துக்கிடுங்க. பள்ளிக்கூடத்துல கரும்பலகையைப் பாத்தா நம்பரு, ரசஞ்சோறு தின்னும்போது எலையில விரலால நம்பரு. பிரின்சிபால் பேசிக்கிட்டு இருப்பாவ, என் விரலு மேசையில தாளம் போட்டுக்கிட்டு இருக்கும். இந்தா, இப்பவும் பாருங்க, நிக்குதா?

ஏன்னு கேட்டா, நான் கொயர்ல, அதான் கோயில் பாட்டுக் குழுவுல, டெனர். நீங்க எங்க ஆளுகளா? இல்லையா. அப்ப சொல்லுதேன். எங்க கோயில்ல பாட்டுன்னா நாலு வரிசை. சொப்ரானோ, ஆல்டோ ரெண்டும் பொம்பளைய. டெனர், பேஸ் ரெண்டும் ஆம்பளைய. மெட்டு சொப்ரானோ கையில இருக்கும். மத்த மூணு வரிசையும் ஆளுக்கொரு பக்கம் போவாவ, ஆனா நாலும் சேந்து கேட்டா ஒரே சத்தமா எழும்பும். ஒருத்தருக்கொருத்தர் வேற வேற சுரம். அதை டோ ரே மீன்னு எழுத்துல எழுதி, வரிசைக்கு ஒரு தாளா குடுப்பாவ.

எம் பொண்டாட்டி வயலட் ஆல்டோ. ஆல்டோன்னா என்னன்னு கேட்டா, உள்ளதைச் சொல்லுதேனே, ஒண்ணுமே இல்ல. தனியாக் கேட்டா பாட்டுன்னே தெரியாது. ஒரே சுரத்துல நிப்பாவ. மத்தவிய எல்லாம் ஏறுவாவ எறங்குவாவ, இவிய அங்கனயே நிப்பாவ. அப்புறம் ஒரு படி எறங்குவாவ. மறுபடி நிப்பாவ. வயலட் பாத்திரம் கழுவும்போது பாடுவா, கொஞ்ச நாளைக்கு அவ என்ன பாட்டு பாடுதான்னே எனக்குப் புரியாது.

நாங்குநேரியா? இந்த ஊருல எதுக்கு இத்தனை நேரம் நிக்கான். டீ குடிக்கப் போயிட்டானா? மணி என்ன, பத்தே காலா. சரி சரி.

எங்க கொயர் மாஸ்டருக்குத் தங்கையான்னு பேரு. அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு அவிய ஒரு பாட்டு எழுதுனாவ. சொந்தப் பாட்டு. நாலு வரிசையும் அவியளே எழுதி, நாலு தாள். நான் போயி, மாஸ்டர், இதை எம் பெட்டியைப் பாட வைக்கேன்னேன். அவிய சிரிச்சாவ. ஒரு வரி போட்டுக் காட்டுனேன். சிரிப்பை நிப்பாட்டிட்டாவ. ஏலே எட்வின், ஆராதனையில இதை வைப்போம்லே, கொயரும் இதுவும் சேந்து பாடட்டும்னாவ. அது போதாதா எனக்கு.

செப்டம்பர்லருந்து உக்காந்தோம். உக்காந்தோம்னு சொன்னா, நான் உக்காந்தேன். வயலட் பக்கத்துல தாளை வச்சுக்கிட்டு வாசிப்பா, நான் அடிப்பேன். டோன்னா என்ன நம்பரு, மீன்னா என்ன நம்பருன்னு நான் ஒரு அட்டவணை போட்டுச் சுவத்துல ஒட்டியிருந்தேன். மொத வாரம் அதைப் பாத்துப் பாத்துச் சொல்லுவா. ரெண்டாவது வாரம் பாக்குறதையே விட்டுட்டா. தாளைப் பாத்த உடனே "எம்பத்தொண்ணு, பத்து. எம்பத்தொண்ணு, அஞ்சு. அறுபத்தொம்பது, அஞ்சு"ன்னு கடகடன்னு வருவா. நான்தான் அடிக்க முடியாம நிறுத்துன்னு சொல்லுவேன். தப்பா அடிச்சா, கேட்ட உடனே, அந்த மூணாவது சுரம் கூடிப் போச்சுங்கன்னு சொல்லுவா. போய்ப் பாத்தா கூடித்தான் இருக்கும். அந்த உதவியை நான் மறுக்கவே இல்ல. எல்லார்ட்டயும் சொல்லுவேன், வயலட் கூட ஒத்தாசையா இருந்தான்னு.

சொப்ரானோ முடிச்சோம். பேஸ் முடிச்சோம். டெனர் முடிச்சோம். மூணு வாயும் நெறஞ்சு போச்சு. அன்னைக்கு வயலட் நாலாவது தாளைக் கையில எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, அவ தாளு. நான் சொன்னேன், அது வேண்டாம்ட்டி, எடம் இல்லேன்னு. எதை எடுப்பிய, நீங்களே சொல்லுங்க. மெட்டை எடுக்க முடியுமா? பேஸ் இல்லேன்னா பாட்டு அந்தரத்துல நிக்கும். டெனர், அது என் வரிசைங்கிறதுக்காகச் சொல்லலை, டெனர் இல்லேன்னா பாட்டுக்கு ஒரு உசுரு இல்ல. ஆல்டோ போனா யாருக்குத் தெரியும்? அவட்டயே விளக்கமாச் சொன்னேன். சரின்னா. தாளை மடிச்சுப் பாட்டுப் புஸ்தகத்துக்குள்ள வச்சா, எந்திரிச்சுப் போயி அடுப்பைப் பத்த வச்சா. மொகத்துல ஒண்ணும் இல்ல. கோவம்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?

அப்புறம்தான் நான் ஒரு வித்தை கண்டுபிடிச்சேன். இதைக் கேளுங்க, இது முக்கியம். பாட்டுக்கு மூணு சரணம். மூணாவது சரணத்துல ஆலய மணி அடிச்சா எப்படி இருக்கும்னு எனக்கு ஒரு ஆசை. கிறிஸ்மஸ்லா. ஆனா வாய் மூணுதான், மூணும் நெறஞ்சாச்சு. ஒரு வாரம் மண்டையைப் போட்டு உருட்டுனேன். அப்ப ஒரு நாள் தெருவுல சைக்கிள் ஒண்ணு போகுது. சக்கரம் வேகமா சுத்தும்போது கம்பி தனித்தனியாத் தெரியாதுல்லா? அது மாதிரி, ஒரு வாயையே ரெண்டு சுரத்துக்கு மாத்தி மாத்திக் குடுத்தா? ஒரு விநாடிக்கு அம்பது தடவை. பேஸ், மணி, பேஸ், மணி. காதுக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியாது, ரெண்டும் சேந்து கேக்குத மாதிரியே இருக்கும். போட்டுப் பாத்தேன். கேட்டுச்சு தம்பி. டி.வி.க்குள்ள இருந்து மணி அடிச்சுச்சு. மூணு வாய்ப் பெட்டி நாலு வாயால பாடுச்சு. வெளிநாட்டுல பெரிய பெரிய ஆளுக இதைத்தான் செஞ்சாங்கன்னு பின்னால மருமவன் சொல்லி எனக்குத் தெரியும். நான் யாரும் சொல்லித் தராம பாளையங்கோட்டையில உக்காந்து செஞ்சேன்.

என்ன? ... நீங்க ஏதோ கேக்க வந்திய. இல்லையா, சரி, சொல்லி முடிச்சிருதேன்.

ஆராதனை அன்னைக்குச் சாயங்காலம் கோயில் நெறஞ்சு வழியுது. பீடத்துக்குப் பக்கத்துல எங்க வீட்டு டி.வி., மேல பெட்டி, முன்னால மைக்கு. எப்பவும் மாஸ்டர் ஹார்மோனியத்துல நாலு வரிசைக்கும் ஆரம்ப சுரத்தைத் தொட்டுக் காட்டுவாவ, அதைப் பிடிச்சுத்தான் பாடத் தொடங்கணும். அன்னைக்கு, பெட்டிதான் இருக்கேன்னு ஹார்மோனியத்தை மூடிட்டாவ. முந்தின நாளே வயலட் எங்கிட்ட கேட்டா, பெட்டியில எங்க சுரமே இல்லையே, எங்களுக்கு யாரு சுரம் தருவான்னு. சொப்ரானோவைக் கேட்டு எடுத்துக்கோயேன், இத்தனை வருஷமா பாடுத, இது கூடவா தெரியாதுன்னு சொன்னேன்.

மொத சரணம் பெட்டி தனியாப் பாடுச்சு. கோயில்ல ஒரு குஞ்சு குளுவான் கூட அழலை. ரெண்டாவது சரணத்துல கொயர் சேரணும். சேந்தாவ. சொப்ரானோ சரி, நாங்க சரி, பேஸ் சரி. ஆல்டோ நாலு பொம்பளையளும் எங்க போறதுன்னு தெரியாம ஒருத்தி மெட்டுக்குப் போயிட்டா, ஒருத்தி வாயே தொறக்கலை. வயலட் மட்டும் பிடிச்சுப் பாத்தா, ஒரு சுரம் கீழ விழுந்துட்டா. கீ...ன்னு ஒரு சத்தம். முன்வரிசையில இருந்தவிய எல்லாம் திரும்பிப் பாத்தாவ. மாஸ்டர் கையை நீட்டி ஆல்டோ நிறுத்துன்னு காட்டுனாவ. மூணாவது சரணத்துல அந்த நாலு பேரும் சும்மாதான் நின்னாவ. அப்பதான் என் மணி அடிச்சுது. தம்பி, கோயிலே ஆடிப் போச்சு.

முடிஞ்ச உடனே வாசல்ல வச்சு எல்லாரும் எங் கையைப் பிடிச்சுக் குலுக்குதாவ. மாஸ்டர் வந்து, எல்லாம் சரிலே, ஆல்டோ எங்க தப்புச்சு, ஒம் மிஷின்ல ஏதும் கோளாறான்னு கேட்டாவ. எத்தனை பேரு சுத்தி நிக்காவ. நான் நெஞ்சை நிமித்திச் சொன்னேன், மாஸ்டர், மிஷின் தப்பு பண்ணாதுன்னு.

நல்ல பதில்லா? அந்த வார்த்தையை ஊரு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாவ. ரொம்ப நாளைக்கு என்னைக் கண்டா, என்ன வாத்தியாரே, மிஷின் தப்பு பண்ணாதான்னுதான் கேப்பாவ.

வயலட்டா? அவளும் பக்கத்துலதான் நின்னா. ஜனவரியில தொண்டை சரியில்லைன்னு கொயரை விட்டுட்டா. தொண்டைக்கு டாக்டர்ட்ட போவோம்னு கூப்பிட்டேன், வரலை. அதுக்கப்புறம் கோயில்ல கடைசி பெஞ்சுல உக்காந்து எல்லாரையும் போல மெட்டைப் பாடுவா. வீட்டுல பாத்திரம் கழுவும்போது மட்டும் அந்த ஒரே சுரம். முப்பத்தஞ்சு வருஷமா.

வள்ளியூர் தாண்டிட்டா? நான் பாக்கவே இல்லையே. அப்ப பாதிக்கு மேல வந்தாச்சு. சன்னலைக் கொஞ்சம் தெறந்து விடுங்க, காத்து வரட்டும்.

இப்ப நடந்ததைச் சொல்லுதேன். எங்க மருமவன் ஜெரின், நல்ல பிள்ளை, பழைய கேசட்டு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயி அந்தப் பாட்டை யூடியூப்ல ஏத்திட்டாரு. பழைய கம்ப்யூட்டர்ல பாட்டுப் போட்டவங்களுக்குன்னு ஒலகம் பூரா ஒரு கூட்டம் இருக்காம். நூத்துக்கணக்குல எழுதுதாவ. ஒரு வாரம் நான் சோறு கூட போனைப் பாத்துக்கிட்டேதான் தின்னேன். அதுல பின்லாந்துலருந்து ஒருத்தன் எழுதியிருந்தான், இங்கிலீஷுல. ரொம்ப அருமை, ஆனா ஆல்டோ எங்கேன்னு. நான் பதில் போட்டேன், ஐயா, என் பெட்டிக்கு மூணு சத்தம்தான். அவன் விடலை. அப்படியா, மூணாவது சரணத்துல ஒரே வாயில பேஸும் மணியும் வச்சிருக்கியளே, அந்த வித்தை தெரிஞ்சவருக்கு ஆல்டோவும் வச்சிருக்கலாமேங்கான்.

எவ்வளவு நுணுக்கமா கேட்டிருக்கான் பாருங்க. நான் ஆடிப் போயிட்டேன். உள்ளதை ஒத்துக்கிடணும்லா. ரெண்டு மணி நேரம் யோசிச்சு, நல்ல இங்கிலீஷுல எழுதுனேன். அன்புள்ள ஐயா, தாங்கள் சொல்வது சரியே, ஆல்டோவுக்கு இடம் இருந்தது, நான் மணியைத் தேர்ந்தெடுத்தேன், அந்தக் குறைக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன்னு. எழுதி வயலட்ட காட்டுனேன். அவ இங்கிலீஷ் எம்.ஏ. ஸ்பெல்லிங் சரியான்னு பாருன்னு குடுத்தேன்.

வாசிச்சா. ரெண்டு தடவை வாசிச்சா. ஸ்பெல்லிங் சரியா இருக்குன்னா. காலையில இட்லி அவிச்சு மூடி வச்சுட்டு, மக வீட்டுக்குப் போறேன்னு பையோட நிக்கா. எத்தனை நாளைக்குன்னு கேட்டேன். தெரியலைன்னா. போன் போட்டா மக எடுக்கா, அம்மா குளிக்காவங்கா. நாப்பத்தொரு நாளா ஒருத்தி குளிப்பாளா? மருமவன்ட்ட கேட்டா, மாமா, அத்தைக்கு என்ன கோவம்னு எங்களுக்கும் தெரியலை, அவங்க சொல்லவும் மாட்டேங்காங்கங்காரு.

அந்தப் பின்லாந்துக்காரன் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா என் வீடு வீடா இருந்திருக்கும். அவன் சொல்லித்தானே அவளுக்கு இது தெரிஞ்சுது. நான் என்ன தப்பு செஞ்சேன், சொல்லுங்க. மன்னிப்பு கூடக் கேட்டேனே.

ஏன் தம்பி அப்படிப் பாக்கிய?

சரி, விடுங்க. நானும் சும்மா இருக்கலை. பரண்ல கெடந்த பெட்டியை எறக்கித் தூசி தட்டுனேன். பழைய டி.வி.யை எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டோம், அதனால பக்கத்துத் தெருவுல ஒரு வீட்டுல கோழிக்கூண்டு மேல கெடந்த டி.வி.யை இரவல் வாங்கி மாட்டுனேன். ஒரு மாசம் உக்காந்து ஆல்டோவைச் சேத்தேன். அதே வித்தைதான், டெனரும் ஆல்டோவும் ஒரே வாயில, மாத்தி மாத்தி. என் வரிசையில பாதியை அவளுக்குக் குடுத்திருக்கேன் பாத்துக்கிடுங்க. ஆல்டோ தாளு எங்கிட்ட இல்ல, மாஸ்டரும் போய்ச் சேந்துட்டாவ. ஆனா மூணு சுரம் தெரிஞ்சா நாலாவது என்னவா இருக்கணும்னு கணக்கு இருக்கு. கணக்குப் போட்டே ஆல்டோவைக் கண்டுபிடிச்சேன். முப்பத்தஞ்சு வருஷம் பக்கத்துல நின்னு அவ பாடுனதைக் கேட்டவன்தான், ஆனா என்ன பாடுனான்னு யோசிச்சா ஒரு வரி கூட வரலை. கணக்குதான் கை குடுத்துச்சு. எல்லாத்தையும் போன்லயும் பதிஞ்சு வச்சிருக்கேன். பெட்டியையும் கொண்டுட்டுப் போறேன், அவ கண்ணு முன்னாலயே போட்டுக் காட்ட. நீங்கதான் மொத ஆளு, கேளுங்க. ஒங்க காது வயரை எம் போன்ல குத்துங்க. சத்தம் போதுமா?

இது மொத சரணம். கேக்கா? சொப்ரானோ மேல போகுதுல்லா, அதுக்குக் கீழ நிக்குது பாருங்க ஒண்ணு, அதுதான். கொஞ்சம் நடுங்கும், மாத்தி மாத்திப் போடுறதால. இது ரெண்டாவது சரணம். இப்ப பாருங்க, இப்ப மணி வரும். வந்துட்டா? எப்படி இருக்கு?

என்ன கேக்கிய?

மூணாவது சரணத்துலயா? மூணாவதுல மணி இருக்குல்லா தம்பி. ரெண்டு வாயைப் பிரிச்சா எரைச்சலாப் போயிருதுன்னு டெனரைப் பிரிக்காம விட்டேன். எதையாவது ஒண்ணைத்தான் பிரிக்க முடியும். எல்லாரும் மணியைத்தானே நல்லா இருக்குன்னு எழுதியிருக்காவ, அதை எப்படி எடுக்க? அதனால அதுல மட்டும் ஆல்டோ...

இருங்க.

அந்த வயரைக் கழத்துங்க. குடுங்க இங்க.

அன்னைக்கும் மூணாவது சரணத்துல அவ சும்மாதான் நின்னா. இப்ப ஒரு மாசம் உக்காந்து கணக்குப் போட்டு, மறுபடியும் அவளைச் சும்மாவே நிக்க வச்சு, அதைக் கொண்டுபோயி அவட்டயே காட்டப் போறேன். இந்தா, ஆல்டோ போட்டுட்டேன்னு. ஏன் தம்பி, இது எனக்கு ஏன் இந்த நாப்பது நாள்ல ஒரு நாளு கூடத் தோணலை?

இது என்ன, காவல்கிணறா. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? அரை மணியா? எறங்கித் திரும்பிப் போயிறலாமான்னு இருக்கு. திரும்பிப் போயி என்ன செய்ய. இட்லிச் சட்டி கூட அவ கவுத்தி வச்ச இடத்துலயே இருக்கு.

போன் அடிக்கா? எனக்கா. மகளாத்தான் இருக்கும், எங்க வாரியன்னு கேக்க. ஆல்டோவைச் சேத்துப் பெட்டியோட வாரேன்னு நேத்தே அவட்ட சொல்லியிருந்தேன்.

ஹலோ. ஆமா. பெனிட்டாவா?

வயலட்டா.

ஒண்ணுமில்ல, பஸ் சத்தம். காவல்கிணறு தாண்டுது. ஆமா, பெட்டி மடியிலதான் இருக்கு. இல்ல, வச்சுராத, ஒரு நிமிஷம் வச்சுராத. கண்டக்டரே, அந்தப் பாட்டை ஒரு நிமிஷம் கொறைங்கய்யா, வீட்டுல பேசுதாவ. வயலட், கேக்கா? அன்னைக்கு வாசல்ல வச்சு மாஸ்டர்ட்ட ஒண்ணு சொன்னேம்லா. ஆமா, அதுதான். அது பொய். மிஷின் தப்பு பண்ணலைதான், நீயும் பண்ணலை. நான் ஒன் வரிசையைப் போடலை. எடம் இருந்துச்சு. இருந்தும் போடலை, மணியைப் போட்டேன். ஆமா, பஸ்ஸுல எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காவ. கேக்கட்டும். அன்னைக்கும் எல்லாரும் கேக்கத்தானே சொன்னேன்.

ம்.

ம்.

எம்பத்தொண்ணு. ஆமா, எம்பத்தொண்ணுலதான் ஆரம்பிச்சிருக்கேன். ஏன்?

ஓ.

சரி. சரி வயலட்.

வச்சுட்டா.

இல்ல தம்பி, அழலை, காத்து கண்ணுல அடிக்கி. சன்னலை நீங்கதானே தெறந்து விட்டிய.

அவளுக்கு அன்னைக்கே தெரியுமாம். மூணாவது சரணத்துல மணி அடிச்ச உடனே, சும்மா நின்னுக்கிட்டு இருக்கும்போதே தெரிஞ்சு போச்சாம், எடம் இருக்குன்னு. பின்லாந்துக்காரன் ஒண்ணும் சொல்லித் தரலை. முப்பத்தஞ்சு வருஷமா நீங்களா வந்து சொல்லுவியன்னு இருந்தேன், கடைசியில அவருக்குச் சொல்லிட்டு எங்கிட்ட ஸ்பெல்லிங் பாக்கக் குடுத்தியங்கா. வேற ஒண்ணும் சொல்லலை. சத்தமாக் கூடச் சொல்லலை.

அப்புறம், மொத சுரம் எதுல ஆரம்பிச்சிருக்கியன்னு கேட்டா. எம்பத்தொண்ணுன்னேன். இல்ல, அறுபத்தொம்பதுங்கா. என் கணக்கு மொத சுரத்துலயே தப்பு. அந்தத் தாளு அவ பாட்டுப் புஸ்தகத்துக்குள்ளதான் இன்னும் இருக்காம். அதுல ஒவ்வொரு சுரத்துக்கும் கீழ நம்பரு எழுதியே வச்சிருக்காளாம், பென்சில்ல. நான் வேண்டாம்னு சொன்ன அன்னைக்கு அவ எழுதி முடிச்சுத்தான் கையில வச்சுக்கிட்டு இருந்திருக்கா. வாசிக்க வேண்டியதுதான் பாக்கி.

நானும் இவ்வளவு பேரு முன்னால மனசு விட்டுச் சொன்னேன். சரி, மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொன்னாளா? அதைக் கேக்கதுக்குள்ள, இங்க உள்ள டி.வி. புதுசு, அதுல ஆன்டெனா ஓட்டை கெடையாது, பெட்டியை எதுல மாட்டுவியன்னு கேட்டுட்டு வச்சுட்டா. நான் எதைச் சொல்லுதேன், அவ எதைக் கேக்கா, பாருங்க தம்பி. எப்பவும் இப்படித்தான்.

நீங்க நாகர்கோவில்காரர்தானே. வடசேரி பக்கத்துல பழைய டி.வி. ரிப்பேர் பாக்குற கடை எதாவது இருக்கா? பின்னால ஓட்டை உள்ள டி.வி.யா இருக்கணும். ஒரு நாளைக்கு வாடகைக்குத் தருவாவளான்னு கேக்கணும். இல்ல, ஒரு நாளு பத்தாது.